தறிவீட்டில் முதுமை: ஐயம்பேட்டை நெசவுக் குடும்பங்களை முன்வைத்துப் பெற்றோரைப் பேணுதல் குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வளர்ந்த பிள்ளைகள் முதிய பெற்றோரை ஏன் பேணுகின்றனர் என்னும் வினாவிற்குச் சமூக அறிவியல் பெரும்பாலும் அன்பு, நன்றிக்கடன், சொத்து ஆகிய மூன்று விடைகளைத் தருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பட்டு நெசவூராகிய ஐயம்பேட்டையின் குடும்பத் தறியமைப்பை முன்வைத்து நோக்கும்போது இம்மூன்றும் தனித்து நின்று விளக்கம் தருவதில்லை. தறி வீட்டிற்குள் இயங்கும் வரை பேணுதல் என்பது தொழிலிலிருந்து பிரித்தறியத்தக்க தனிச்செயலாக இல்லை. முதியவர் படுக்கையில் விழும்போதும், பிள்ளைகள் தறியை விட்டுத் தொழிற்சாலைக்குச் செல்லும்போதும் இவ்வொழுங்கு சோதனைக்கு உள்ளாகிறது. அந்நிலைகளில் பேணும் உழைப்பைச் செய்பவர் ஒருவராகவும், பேணுபவராக அறியப்படுபவர் வேறொருவராகவும் இருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஐயம்பேட்டை, பட்டு நெசவு, முதியோர் பேணல், கடன், கோர்வை, மருமகள், பராமரிப்புச் சட்டம்

முன்னுரை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அமைந்த ஐயம்பேட்டை, அதனை அடுத்துள்ள முத்தியால்பேட்டையோடு சேர்த்துப் பட்டுக் கைத்தறிக்கு அறியப்பட்ட ஊராகும். தஞ்சாவூர் மாவட்டத்தில் இதே பெயருடைய ஊர் வேறு. காஞ்சிபுரப் பட்டு என்ற பெயரில் விற்பனையாகும் சேலைகள் காஞ்சி நகரத் தெருக்களில் மட்டும் நெய்யப்படுவன அல்ல. சுற்றியுள்ள இத்தகைய பேட்டைகளின் வீட்டுத்தறிகளும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டில் 10.4 விழுக்காட்டினர். 2031இல் தமிழ்நாட்டில் இவ்விகிதம் 18 விழுக்காட்டைக் கடக்கும் என்பது மக்கள்தொகை மதிப்பீட்டுக் குழுவின் கணிப்பு. மறுபுறம், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதத்தை 1.8 என்று காட்டுகிறது. முதியோர் பெருகவும் அவர்களுக்குப் பிள்ளைகள் குறையவும் இருக்கும் இந்நிலையில், பிள்ளைகள் பெற்றோரை ஏன் பேணுகின்றனர் என்ற வினா, இனியும் பேணுவார்களா என்ற கவலையின் மறுவடிவமாகவே எழுப்பப்படுகிறது. கவலையிலிருந்து பிறக்கும் வினாவிற்கு அறிவுரையே விடையாக வந்து சேர்வது வழக்கம். அதனைத் தவிர்த்து, தறியின் தொழில்நுட்ப அமைப்பு, தமிழ்ச் சொல்வழக்கு, முன்னை ஆய்வுகள், நடப்புச் சட்டங்கள் ஆகியவற்றை இணைத்து இவ்வினாவிற்கு விளக்கம் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். இது களப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் முயற்சியன்று.

கடன் என்னும் சொல்

தமிழில் ‘கடன்’ என்பது திருப்பித் தரவேண்டிய பணத்தையும் செய்தே தீரவேண்டிய செயலையும் ஒருங்கே குறிக்கும். பெற்றோர்க்குச் செய்வதைக் கடன் என்று சொல்லும்போது இவ்விரு பொருளும் கலந்து ஒலிக்கின்றன. ஆயினும் இலக்கியச் சான்றுகளை நெருங்கி நோக்கினால் இக்கலவை அவ்வளவு பழமையானதாகத் தோன்றவில்லை.

பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல், கடன் என்னும் சொல்லை வரிசையாக அடுக்கிச் செல்வது. பெற்றுப் புறந்தருவது தாயின் கடன், சான்றோனாக்குவது தந்தையின் கடன் என்று தொடங்கி, கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரியவற்றைச் சொல்லி, இளைஞனின் கடன் போர்க்களத்தில் களிறெறிந்து மீள்வது என்று அப்பாடல் முடிகிறது. தாய் தந்தையர் செய்தவற்றிற்கு ஈடாக அவர்களுக்கே எதையேனும் செய்யுமாறு இளைஞன் கேட்கப்படவில்லை. அவன் பெற்றது வீட்டிலிருந்து. தருவது ஊருக்கும் அரசுக்கும். இங்குக் கடன் முன்னோக்கி ஓடுகிறதேயன்றிப் பின்னோக்கித் திரும்புவதில்லை.

திருக்குறளின் ‘மக்கட்பேறு’ அதிகாரத்திலும் இப்போக்கைக் காணலாம். மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறாக அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுவது, இவனைப் பெறத் தந்தை என்ன தவம் செய்தானோ என்று பிறர் வியக்கும்படி வாழ்வதையே. முதுமையில் உணவளித்தலும் உடல் பேணுதலும் அவ்விடத்தில் பேசப்படவில்லை. புகழே கைம்மாறு. தாய் தந்தையரைத் தெய்வமாகப் போற்றும் கருத்து ஔவையாரின் நீதிநூல்களில் தெளிவாக உள்ளது. அங்கும் வழிபாடு சொல்லப்படுகிறதேயன்றி அன்றாடப் பணிவிடையின் விவரம் இல்லை.

சொல்வழக்கும் இதற்கு ஒத்து நிற்கிறது. ஈமக்கடன், நீர்க்கடன், இறுதிக்கடன் என்று இறந்த பெற்றோர்க்குச் செய்வனவற்றிற்கு நிலைபெற்ற தொடர்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் பெற்றோர் செய்வதற்குப் ‘பெற்ற கடன்’ என்ற தொடர் உண்டு. உயிரோடு இருக்கும் முதிய பெற்றோரைப் பேணுவதற்கு மட்டும் இத்தகைய நிலைத்த தொடர் எளிதில் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் தாயின் சிதைக்குத் தீமூட்ட மீண்டு வந்தார் என்ற மரபுக்கதை, துறவியாலும் விடமுடியாத கடன் எது என்பதைக் காட்டுகிறது. அது சாவுக்குப் பிந்தைய கடன். துறவுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட காலத்தில் அத்தாயைப் பேணியவர் யார் என்று கதை கேட்பதில்லை.

பேச்சு வழக்கில் அவ்விடத்தை நிரப்புவது உணவு பற்றிய சொல்லே. ‘கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுவான்’ என்பது மகனைப் பற்றிய எதிர்பார்ப்பின் சுருக்கம். கடன் என்ற கனத்த சொல்லுக்குப் பகரமாக, ஒரு வேளை உணவு என்ற சிறிய அளவுகோல் இங்கு நிற்கிறது. ஐயம்பேட்டை போன்ற நெசவூரில் கஞ்சி என்பது பாவுக்கு விறைப்பூட்டும் பொருளுமாகும் என்பது வெறும் தற்செயல் ஒப்புமை. எனினும் ஒரே அடுப்பிலிருந்து தறிக்கும் வாய்க்கும் பங்கு சென்ற வீட்டின் நிலையை அது நினைவூட்டத் தவறவில்லை.

தறியில் முதியவரின் இடம்

காஞ்சிபுரப் பட்டின் தனித்தன்மை கோர்வை முறையில் உள்ளது. சேலையின் உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் எல்லையில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புவதால் கரையும் உடலும் இருவேறு நிறத்தில் அமைந்தும் பிரியாமல் நிற்கின்றன. இதனை ஒருவர் தனித்து நெய்தல் அரிது. நெசவாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித் தரும் துணையாள் வேண்டும். ஆகவே கோர்வைத் தறி என்பது தொழில்நுட்ப அளவிலேயே இருவர் தறி.

அந்த இரண்டாம் இடத்தில் யார் அமர்ந்தனர் என்பது குடும்பத்தின் வாழ்க்கை வட்டத்தை ஒட்டி மாறிவந்தது. மகன் சிறுவனாக இருந்தபோது தந்தையின் பக்கத்தில் துணையாளாக அமர்ந்தான். கைதேர்ந்தபின் நெசவாளர் இடத்திற்கு வந்தான். மனைவியோ பிள்ளையோ துணைக்கு அமர்ந்தனர். தந்தைக்குக் கண்பார்வை மங்கி, குழியில் கால் தொங்கவிட்டு அமர முழங்கால் இடங்கொடாதபோது அவர் தறியை விட்டு எழுந்தார். ஆனால் வேலையை விட்டு எழவில்லை. தார் சுற்றுதல், இழை பிரித்தல், தெருவில் பாவு விரிக்கும் நாளில் பிடித்து நிற்றல், பழைய பாவின் இழைமுனைகளோடு புதிய பாவின் முனைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்தல் என்று, கண்ணுக்கும் காலுக்கும் ஏற்றபடி வேலைகள் படிப்படியாக இறங்கிவரும் ஏணி ஒன்று தறிவீட்டில் இருந்தது. முதிய பெண்ணுக்கு ராட்டையும் தார்க்குச்சியும் கடைசி வரை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

கைத்தறிக் கணக்கெடுப்புகள் நெசவாளர் என்றும் தொடர்பணியாளர் என்றும் இரு வகை காண்கின்றன. 2019–20இல் நிகழ்ந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு இவ்விரு வகையினரும் சேர்ந்து ஏறத்தாழ 35 லட்சம் பேர் என்கிறது. தொடர்பணியாளர் என்ற சொல்லுக்குள் முதிய தாய்தந்தையரின் உழைப்பு அடங்கக்கூடும். ஆனால் வீட்டில் அதற்குத் தனிக் கூலி கிடையாது. கூலி சேலைக்கு வருகிறது. சேலையை நெய்தவர் மகன் என்று சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் பதிவாகிறது. தார் சுற்றிய தாய் அக்கூலியில் உண்ணும்போது அது பேணுதலா, பங்கா?

இவ்விடத்தில்தான் வினாவின் அடிப்படை மாறுகிறது. பிள்ளை தருபவர், பெற்றோர் பெறுபவர் என்ற ஒருவழிப் படத்தை முன்வைத்தே ‘ஏன் பேணுகிறார்கள்’ என்று கேட்கப்படுகிறது. தறிவீட்டில் யார் யாரைத் தாங்குகிறார் என்று வரையறுப்பது கடினம். சென்னையின் எளிய குடியிருப்புகளில் ஆய்வு செய்த பென்னி வேரா-சான்சோ, முதியோர் தொடர்ந்து உழைத்து இளையோர் குடும்பங்களைத் தாங்குவதைச் சுட்டியுள்ளார். காஞ்சிப் பகுதியின் நெசவைப் பொறுத்தவரை இது நகர வறுமை உண்டாக்கிய புதுநிலை அன்று. தொழிலின் அமைப்பிலேயே உள்ளது. காஞ்சிபுரப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்த இவோன் ஆர்ட்டர்பர்ன் 1982இல் வெளியான தம் நூலுக்கு ஒருவரையொருவர் சார்ந்திருத்தலின் தறி என்னும் பொருளில் தலைப்பிட்டது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வொழுங்கை அழகுபடுத்திக் காட்டுவதும் பிழையாகும். துணையாள் இடத்தில் அமர்ந்த சிறுவர்கள் அனைவரும் தந்தையின் தறியில் அமரவில்லை. முன்பணம் வாங்கிய பெற்றோர், அக்கடனுக்காகப் பிள்ளையைப் பிறர் தறிக்கு அனுப்பிய நிலை காஞ்சிபுரத்தில் பரவலாக இருந்தது. மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைச் சிறார் உழைப்புக் குறித்து 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தினர் துணையோடு நடக்கும் வீட்டுத்தொழிலுக்கு விலக்களித்ததும் இதற்கு மறைப்பாக உதவியது. தந்தையின் முன்பணத்தைத் தன் பள்ளிப் பருவத்தைக் கொடுத்துத் தீர்த்த மகனிடம், முதுமையில் நன்றிக்கடன் என்று பேசினால் அச்சொல்லின் பொருள் என்ன? அவனைப் பொறுத்தவரை கடன் முன்னரே தீர்க்கப்பட்டுவிட்டது. இருந்தும் அத்தகைய மக்கள் பலர் பெற்றோரைப் பேணவே செய்கின்றனர். நன்றிக்கடன் கோட்பாடு தடுமாறும் முதலிடம் இதுவே.

அன்பு, கைம்மாறு, சொத்து

சாரா லாம்ப் 2000இல் வெளியிட்ட வங்காளக் கிராம ஆய்வு, பெற்றோர் குழந்தைக்குச் செய்தவற்றை முதுமையில் பிள்ளைகள் அதே வடிவில் திருப்பித் தருவதாக அம்மக்கள் கருதுவதை விளக்குகிறது: ஊட்டியவருக்கு ஊட்டுதல், தூய்மை செய்தவருக்குத் தூய்மை செய்தல். தமிழ்ச் சூழலிலும் இவ்வெண்ணம் உண்டு. ஆயினும் மேலே கண்டபடி கொடுத்ததும் பெற்றதும் சமமாக இல்லாத வீடுகளை இது விளக்காது.

சொத்தை முன்வைக்கும் விளக்கம் பொருளியலில் வலுவானது. பெர்ன்ஹைம், ஷ்லைஃபர், சம்மர்ஸ் ஆகியோர் 1985இல் எழுதிய கட்டுரை, பெற்றோர் தம் சொத்தை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் கவனத்தைப் பெறுகின்றனர் என்று வாதிட்டது. இம்மாதிரி இயங்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: கொடுக்கத்தக்க சொத்து இருக்கவேண்டும், அதற்குப் போட்டியாக ஒருவருக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கவேண்டும். வீட்டுத்தறி நெசவாளரிடம் பெரும்பாலும் உள்ள சொத்து, தறிக்குழியோடு கூடிய வீடு. அதனைத் துண்டாக்கினால் தறி நிற்க இடமில்லை. பல குடும்பங்களில் வீட்டோடு சேர்ந்து முன்பணக் கடனும் கைமாறுகிறது. இரண்டாவது நிபந்தனையும் தளர்ந்து வருகிறது. கருவள விகிதம் 1.8 ஆக உள்ள மாநிலத்தில் ஒற்றைப் பிள்ளையோடு முதுமையடையும் பெற்றோர் பெருகுவர். அவர்களிடம் ‘உனக்கு இல்லையென்றால் அவனுக்கு’ என்று சொல்ல இரண்டாமவர் இல்லை. மகன்கள் முறைவைத்து மாதக்கணக்கில் பெற்றோரை வைத்துக்கொள்ளும் வழக்கமும், தந்தை ஒரு மகன் வீட்டிலும் தாய் வேறு மகன் வீட்டிலும் பிரிந்து வாழும் துயர வழக்கமும் பல பிள்ளைகள் இருந்த தலைமுறைக்கு உரியவை.

அன்பைப் பற்றிய பேச்சு ஆய்வாளரிடம் கூச்சத்தை உண்டாக்குவது இயல்பு. மார்கரெட் டிராவிக் 1990இல் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதிய நூல் அக்கூச்சத்தைக் கடந்தது. அன்பு வெளிக்காட்டப்படாமல் அடக்கப்படுவது, கடுமையின் உருவில் வருவது, பழக்கத்தால் விளைவது என்று அதன் இயல்புகளை அவர் அடையாளம் கண்டார். இவற்றுள் பழக்கம் என்ற கருத்து தறிவீட்டிற்கு மிகப் பொருந்துகிறது. பல ஆண்டுகள் ஒரே பலகையில் பக்கத்தில் அமர்ந்து, ஒருவர் நாடாவை மற்றவர் எதிர்பார்த்து, பேச்சின்றியே கையசைவால் ஒத்துப்போன இருவரிடையே உருவாவது பாசமாக அறிவிக்கப்படாமல் இருக்கலாம். சினமும் ஏச்சும் அதில் கலந்திருக்கலாம். ஆயினும் மற்றவர் உடலின் தேவை இன்னதென்று அறியும் பயிற்சி அங்கு நிகழ்ந்துவிடுகிறது. பேணுதலுக்கு வேண்டிய முதல் அறிவு அதுதான்.

பேணுதல் குருதி வழியை மட்டும் பின்பற்றுவதில்லை என்பதற்கும் பழக்கமே காரணம். காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரையை வளர்த்தவர் அவர்தம் சிற்றன்னை இராசாமணி அம்மையார். மகப்பேறு இல்லாத அண்ணாதுரை இணையர் தமக்கை வழிப் பேரர்களை வளர்ப்பு மக்களாக ஏற்றனர்.

‘பிள்ளை’ என்பவர் யார்

முதியவர் தார் சுற்றும் வரை சிக்கல் வெளித்தெரிவதில்லை. பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ மறதிநோயோ வந்து படுத்தபின் நிலைமை முற்றிலும் வேறு. உழைப்பின் பங்கு என்ற கணக்கு அங்கு முடிகிறது. இரவில் எழுந்து பார்த்தல், மலசலம் அகற்றுதல், புரட்டிப் படுக்கவைத்தல், புண்ணுக்கு மருந்திடுதல், குழைத்து ஊட்டுதல் ஆகியவை தொடங்குகின்றன. குழித்தறி உள்ள சிறிய வீட்டில் படுக்கை விரிக்கும் இடமும் தறியை ஒட்டியே அமைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் ஈரம் ஊறி, தெருவில் பாவு விரிக்க வழியின்றி நெசவு தடைப்படும் நாள்களில் வருவாய் நிற்கும். சளியும் காய்ச்சலுமாக முதியவரின் மருத்துவச் செலவு ஏறுவதும் அந்நாள்களிலேயே.

இப்பணிகளைச் செய்பவர் யார்? ‘மகன் வைத்துப் பார்க்கிறான்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் மகன். இரவில் எழுபவர் பெரும்பாலும் மருமகள். வினையைச் செய்பவர் வேறு, எழுவாயாக நிற்பவர் வேறு என்ற இந்த இலக்கணம், ‘பிள்ளைகள் ஏன் பெற்றோரைப் பேணுகின்றனர்’ என்ற ஆய்வு வினாவிற்குள்ளும் நுழைந்துவிட்டது. அன்பு, நன்றிக்கடன், சொத்து என்ற மூன்று விளக்கங்களையும் மருமகளிடம் பொருத்திப் பார்த்தால் அவற்றின் போதாமை விளங்கும். மாமியார் அவளைப் பெற்று வளர்க்கவில்லை. எனவே திருப்பித் தரவேண்டிய கடன் இல்லை. வீடு கணவன் பெயருக்குச் செல்லுமேயன்றி நேரே அவள் பெயருக்கு வருவதில்லை. பழக்கத்தால் விளைந்த அன்பு மட்டும் சில வீடுகளில் உண்டு. கோர்வைத் தறியின் இரண்டாம் இடத்திலும் ராட்டையிலும் மாமியாரும் மருமகளும் ஒருங்கே உழைத்த வீடுகளில் அது வலுப்பெற வாய்ப்பும் உண்டு. இல்லாத வீடுகளிலும் பணி நடக்கிறது. ஊரார் பேச்சு, கணவன் வீட்டில் தன் நிலை, தன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு, வேறு வழியின்மை ஆகியவை அங்குக் காரணங்கள். ‘ஏன் பேணுகிறார்கள்’ என்ற வினாவிற்கு ‘மறுக்க இயலாமையால்’ என்பதும் ஒரு விடை. ஆய்வுகளில் இவ்விடை அரிதாகவே எழுதப்படுகிறது.

மகள் நிலை வேறு. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் முதிய பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை மகனுக்கும் மகளுக்கும் ஒருசேர விதித்தது. விஜயா மனோகர் அர்பத் வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம், மணமான மகளும் தந்தையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவள் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சமவுரிமை தந்தது. நடைமுறையில் மகள் வீட்டில் தங்குவதைப் பெற்றோரே குறைவாகக் கருதும் மனநிலை மெல்லவே தளர்கிறது. ஐயம்பேட்டை போன்ற ஊர்களில் மகளை உள்ளூரிலோ அடுத்த பேட்டையிலோ மணமுடிக்கும் வழக்கம் இருப்பதால், தங்காமலே வந்து பார்த்துச் செல்லும் மகளின் பேணுதல் தொடர்கிறது. அது வருகை என்றே பெயர்பெறுகிறது. பேணுதல் என்று எண்ணப்படுவதில்லை.

தறியை விட்டுச் சென்றவர்கள்

ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் ஆலை அமைக்கத் தொடங்கியது முதல் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகள் பெருந்தொழில் வட்டாரமாயின. வாலாஜாபாத் வழியே ஒரகடம் அணித்தே உள்ளது. விடியலில் வரும் நிறுவனப் பேருந்தில் ஏறிச்செல்லும் இளைஞர் கோர்வைத் தறியின் எந்த இடத்திலும் அமர்வதில்லை. நெசவுத்தொழிலிலிருந்து அடுத்த தலைமுறை விலகுவதைத் தொழிலின் அழிவாக மட்டும் பேசுவது வழக்கம். பேணுதலின் நோக்கில் அது வேறு தோற்றம் தருகிறது.

இழப்பு தெளிவு. தறி நின்ற வீட்டில் முதியவரின் வேலை ஏணியும் இல்லை. தார் சுற்ற யாருக்கும் தேவையில்லாதபோது தாய் முதன்முறையாக வெறும் பெறுபவர் ஆகிறார். பெறுவதில் கூச்சம் தோன்றுகிறது. மகனின் பணி முறைநேரத்தில் மாறிமாறி அமைவதால் பகலில் உறங்குபவனிடம் குறை சொல்லவும் தயக்கம்.

ஆதாயமும் உண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வரும் மகனின் அட்டை, அவனைச் சார்ந்து வாழும் குறைந்த வருவாயுடைய பெற்றோர்க்கும் மருத்துவ வசதி தருகிறது. வாழ்நாள் முழுவதும் கூலிக்கு நெய்த தந்தை தம் உழைப்பால் பெறாத காப்பை, ஆலைக்குச் சென்ற மகனின் உழைப்பால் பெறுகிறார். மாத ஊதியம் மழையைப் பார்ப்பதில்லை என்பதும் சிறிய செய்தியன்று. ஆயினும் ஒப்பந்த வேலையின் நிலையாமை இதற்கு எல்லை கட்டுகிறது. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆலை வேலையை நம்பிய குடும்பங்கள் கற்ற பாடம் அது.

மகன் ஆலைக்குச் சென்றபின் வீட்டிலிருந்து பேணும் பணி குறையவில்லை. மருமகளிடம் மேலும் குவிந்தது. அவளும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அப்பணி யாரிடமும் இல்லாத பகற்பொழுது ஒன்று உருவாகிவிட்டது. ஜப்பானில் மருமகளிடம் குவிந்திருந்த இத்தகைய பணியைச் சமூகம் பகிர்ந்துகொள்ளும் நோக்கில் 2000ஆம் ஆண்டில் கட்டாய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய பொதுக்காப்பீடு இல்லை. இங்குத் தேர்ந்த வழி, குடும்பத்தையே சட்டத்தால் கட்டுவது.

சட்டமும் ஓய்வூதியமும்

சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச்சட்டம் 2007இல் வந்தது. வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் வரையிலான பராமரிப்புத் தொகை, பெற்றோரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை என்பன அதன் முதன்மைக் கூறுகள். 23ஆம் பிரிவு, பேணவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பேணத் தவறினால் மீட்டுத்தர வழிசெய்கிறது. நிபந்தனை ஆவணத்தில் இருக்கவேண்டும் என்பதை 2022இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் வலியுறுத்திய உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் இச்சட்டத்தின் நோக்கம் நிறைவேறும்படி தாராளமாகப் பொருள்கொள்ளவேண்டும் என்றது. வீடு ஒன்றையே சொத்தாகக் கொண்ட நெசவாளர் அதனைத் தானசெட்டில்மெண்ட் எழுதும் வேளையில் இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு வாழ்வா தெருவா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

இச்சட்டத்தின் ‘பிள்ளைகள்’ என்ற வரையறையில் மகன், மகள், பேரன், பேத்தி உண்டு. மருமகள் இல்லை. 2019இல் அறிமுகப்படுத்தப்பட்ட திருத்த மசோதா மருமகனையும் மருமகளையும் சேர்க்க முனைந்தது; அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருப்பின் மருமகள் முதன்முறையாகச் சட்டத்தின் கண்ணில் பட்டிருப்பாள். ஆனால் கடமைப்பட்டவளாக மட்டுமே. ஏற்கெனவே செய்துவரும் உழைப்புக்கு உரியவளாக அவளை ஏற்கும் சொல் அம்மசோதாவிலும் இல்லை.

ஓய்வூதியத்தின் செயற்பாடு இதனினும் நுட்பமானது. கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்கெனத் தமிழ்நாட்டில் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டமும் முதியோர் ஓய்வூதியத் திட்டமும் உள்ளன. சேமிப்புத் திட்டத்தில் கூலியின் ஒவ்வொரு ரூபாயிலும் நெசவாளர் 8 காசும் அரசு 4 காசும் செலுத்துகின்றன. சங்கத்தில் உறுப்பினராகப் பதிவானவருக்கே இவை கிட்டும். தனியார் முதலாளிக்கு நெய்தவரும், கணவர் பெயரில் பதிவான தறியில் காலமெல்லாம் உழைத்த பெண்ணும் வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கு எஞ்சுவது பொது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 1962இல் 20 ரூபாயாகத் தொடங்கிய அத்தொகை 2023 முதல் 1,200 ரூபாய். இதில் 60 முதல் 79 வயது வரையிலான பயனாளிக்கு நடுவணரசின் பங்கு 200 ரூபாய் மட்டுமே. ஆதரவற்றவர் என்று காட்டினால்தான் இத்தொகை கிடைக்கும் என்பதால், உடனிருந்து பேணும் மகன் இருப்பதே தகுதிக்குத் தடையாகும் முரண் இங்குத் தோன்றுகிறது.

1,200 ரூபாய் ஒருவரின் உணவுக்கும் மருந்துக்கும் போதாது. ஆயினும் தார் சுற்றும் வேலை நின்றுபோன வீட்டில் தாயின் கைக்குத் தனியே வரும் பணம் அது ஒன்றே. பேரனுக்குத் தின்பண்டம் வாங்கித் தரவும், மருமகளிடம் ‘இதைச் செலவுக்கு வைத்துக்கொள்’ என்று நீட்டவும் அதனால் இயல்கிறது. உழைப்பின் வழியாகப் பெற்றிருந்த பங்காளி என்ற நிலையை அவர் சிறிதளவு மீட்டுக்கொள்ளும் வழியாக அது அமைகிறது.

முதியோர் குறித்த பெரிய ஆய்வுகள் வாழ்விட ஏற்பாட்டை முதன்மை வினாக்களுள் ஒன்றாகக் கொள்கின்றன. 45 வயதைக் கடந்த 72,250 பேரிடம் 2017–18இல் நிகழ்ந்த இந்திய நெடுக்கு முதுமை ஆய்வும் யாரோடு வாழ்கிறார்கள் என்பதைப் பதிவு செய்தது. ஐயம்பேட்டையில் ஒரு வீட்டின் கதவைத் தட்டி இவ்வினாவைக் கேட்டால் ‘மகனோடு’ என்ற விடை கிடைக்கும். முந்தைய இரவு எழுந்தவர் யார், அதற்காக அன்று எத்தனை முழம் நெசவு குறைந்தது அல்லது எந்தப் பணிநாள் விடுபட்டது, முதியவர் அவ்வீட்டிற்கு அன்று என்ன வேலை செய்தார் என்ற மூன்று வினாக்களையும் அதனோடு சேர்த்துக் கேட்கும் களப்பணி இவ்வூரில் இனிமேல்தான் செய்யப்படவேண்டும். பலகையில் இருவர் அமர்ந்து நெய்யும் வீடுகள் இன்னும் இருக்கும்போதே அது செய்யப்பட்டால் ஒப்பிட்டுக் காண இடமிருக்கும்.